105 பாகை 5 நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தபோது, சாலையோரக் கடையொன்றில் கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு கல்லைப் பார்த்தேன். பிடித்துப்போய் வாங்கினேன். "ஒரிஜினல் படிகம் சார், வீட்டுல வெச்சா குளிர்ச்சி" என்றார் கடைக்காரர். படிகத்துக்கான விலையைத்தான் வாங்கிக்கொண்டார். திருச்சிக்குத் திரும்பி வந்து பையைப் பிரித்ததும் முதல் வேலையாக அக்கா மகளின் ஜாமிட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, கல்லின் இரண்டு முகங்கள் சேரும் விளிம்பில் வைத்து அளந்தேன். 105 வந்தது. பக்கத்து விளிம்பில் 75. எங்கே வைத்தாலும் இந்த இரண்டு எண்களில் ஒன்றுதான்.

அப்போதே தெரிந்துவிட்டது, இது குவார்ட்ஸ் இல்லை. (படிகம் என்றால் நம் ஊரில் குவார்ட்ஸ், பாடப்புத்தகத்திலோ எந்தக் கிரிஸ்டலுக்கும் அதே சொல். குழப்பம் வேண்டாம் என்று குவார்ட்ஸை குவார்ட்ஸ் என்றே எழுதுகிறேன்.) குவார்ட்ஸுக்கு இப்படி மூன்று திசையிலும் வழவழவென்று பிளக்கும் குணமே கிடையாது, உடைத்தால் உடைந்த பாட்டில் துண்டு மாதிரி வளைந்து வளைந்து உடையும். 105-ம் 75-ம் சேர்ந்து வருகிற சாய்ந்த பெட்டி வடிவம் என்றால் அது கால்சைட், சுண்ணாம்புக்கல்லின் கனிமம். செய்தித்தாள் மேல் வைத்தேன், ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஓரத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன், சின்னக் குமிழிகள் வந்தன. ஆனால் அந்த இரண்டு சோதனைகளும் எனக்கு உறுதிப்படுத்தத்தான் தேவைப்பட்டன, பதிலைச் சொன்னது ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் பாகைமானி.

கல்லூரியில் ஜியாலஜி படித்துவிட்டு வேறு வேலைக்குப் போன ஆள் நான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கோணம் அளப்பதை மறுபடி கையில் எடுத்தேன். இப்போது வீட்டில் எந்தக் கல் வந்தாலும் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் தேடுகிறேன்.

நிறத்தை நம்ப முடியாது என்பதுதான் காரணம். அதே குவார்ட்ஸ் ஊதாவாக இருந்தால் அமெதிஸ்ட், மஞ்சளாக இருந்தால் சிட்ரின், புகைநிறத்திலும் வரும், பால் வெள்ளையிலும் வரும். வடிவத்தையும் நம்ப முடியாது, ஒன்று குச்சியாக வளர்ந்திருக்கும், இன்னொன்று சப்பையாக, மூன்றாவது ஒருபக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பியிருக்கும். வளரும் இடத்தில் எந்தப் பக்கம் தாராளமாகச் சத்து கிடைத்ததோ அந்தப் பக்கம் முகம் அதற்கேற்ப மாறும். ஆனால் இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கும் கோணம் மட்டும் மாறாது. ஃப்ளாரன்ஸில் இருந்த டென்மார்க்காரர் நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669-ல் இதைக் குவார்ட்ஸை வைத்துக் காட்டினார். ஆறு பக்கம் கொண்ட குறுக்குவெட்டுகளை வரிசையாக வரைந்தார், ஒவ்வொன்றிலும் பக்கங்களின் நீளம் வேறு வேறு, மூலைகள் மட்டும் எல்லாவற்றிலும் 120 பாகை. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாத காலம் அது. உள்ளே இருக்கிற அடுக்குமுறைதான் வெளியே கோணமாகத் தெரிகிறது என்பது பின்னால் வந்த அறிவு, கோணம் முதலில் வந்துவிட்டது.

இதை நம்ப வேண்டுமென்றால் சமையலறைக்குப் போங்கள். கல்லுப்பு டப்பாவில் கையை விட்டு, உடையாத நல்ல துண்டு ஒன்றைத் தேடி எடுங்கள். மூலை 90 பாகை. பெரியதோ சிறியதோ, செவ்வகமாக நீண்டிருந்தாலும் 90. அடுத்து கற்கண்டு. நூலில் கட்டி வளர்த்த பெரிய கற்கண்டில் முகங்கள் பளிச்சென்று இருக்கும், நீளவாட்டில் சுற்றி வரும் முகங்களை ஒவ்வொன்றாக அளந்தால் ஒரு விளிம்பில் 103 பாகை கிடைக்கும். உப்பில் அந்த எண் வரவே வராது. இரண்டும் வெள்ளை, இரண்டும் சமையலறைச் சாமான், நாக்கில் வைக்காமலே எது எது என்று ஒரு பாகைமானி சொல்லிவிடும்.

இனி அளக்கும் முறை. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். பாகைமானியை விளிம்புக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் 105 என்பது 108 ஆகிவிடும், 110-கூட ஆகிவிடும். வெறும் பாகைமானியை விட இரண்டு அட்டைப் பட்டைகளை நடுவில் ஒரு குண்டூசியால் கோத்து, கத்தரிக்கோல் மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது. பட்டைகளின் ஓரம் பிளேடால் வெட்டிய நேர் ஓரமாக இருக்க வேண்டும். கல்லை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பட்டைக்கும் முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கசிவு நின்றதும் பட்டைகள் நகராமல் அப்படியே எடுத்துப் பாகைமானி மேல் வைத்துப் படியுங்கள். ஐந்து தடவையாவது செய்யுங்கள், ஒரு தடவை அளந்த எண்ணை எழுதி வைக்கவே வேண்டாம்.

1780-ல் பாரிஸில் அர்னூ கராஞ்சோ செய்ததும் அடிப்படையில் இதே கருவிதான். அவர் ரோமே த லீல் என்ற கனிமவியலாளருக்காகப் படிகங்களின் களிமண் மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தார், மாதிரி சரியாக வர வேண்டுமானால் கோணம் சரியாகத் தெரிய வேண்டும், அதற்காகப் பிறந்தது தொடு கோனியோமீட்டர். அதை வைத்து அளந்து குவித்த ரோமே த லீல் 1783-ல், ஒவ்வொரு கனிமத்துக்கும் அதற்கே உரிய மாறாத கோணங்கள் உண்டு என்பதை எல்லாக் கனிமங்களுக்கும் பொதுவான விதியாகவே வைத்தார். பொம்மை செய்யும் வேலையிலிருந்து ஒரு விதி வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். கனிமவியல் புத்தகத்தில் குவார்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால், தூணின் பக்க முகத்துக்கும் கூர்முனை முகத்துக்கும் நடுவில் 38 பாகை 13 நிமிடம் என்று போட்டிருக்கும். (ஒரு பாகைக்கு 60 நிமிடம்.) நீங்கள் அளந்தால் 142-க்குப் பக்கத்தில் வரும். ஒரு மாலை முழுக்க இந்த முரண்பாட்டோடு உட்கார்ந்திருந்தேன், கல்தான் வேறு என்றுகூட நினைத்துவிட்டேன். விஷயம் இதுதான்: புத்தகம் சொல்வது முகங்களுக்குச் செங்குத்தாக வரையும் கோடுகளுக்கு நடுவிலுள்ள கோணம், நம் அட்டை அளப்பது கல்லுக்குள் அடங்கும் கோணம். 180-லிருந்து ஒன்றைக் கழித்தால் மற்றது. 180-லிருந்து 38 பாகை 13 நிமிடம் போனால் 141 பாகை 47 நிமிடம். அவ்வளவுதான்.

அப்புறம், எந்தக் கல்லிலும் அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். வயல்வரப்பில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான், ஆனால் அதில் முகமே இருக்காது. பாறைப் பிளவில் இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்து வளர்ந்தது அது. ஒன்று, தாராளமான இடத்தில் வளர்ந்த முகங்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் உடைக்கும்போது நேராகப் பிளக்கும் கனிமமாக இருக்க வேண்டும். இரண்டாவது வகைதான் பாறைத் துண்டுகளில் அதிகம் உதவும்.

ஃபெல்ட்ஸ்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல்லில் பாதிக்கு மேல் இதுதான். இது இரண்டு திசையில் நன்றாகப் பிளக்கும். ஆர்த்தோக்ளேஸ் என்ற பொட்டாசியம் வகையில் அந்த இரண்டு பிளவுகளும் சரியாக 90 பாகையில் வெட்டிக்கொள்ளும், பிளாஜியோக்ளேஸ் என்ற சோடியம், கால்சியம் வகையில் 86 பாகைக்கு அருகில். பெயரிலேயே கோணம் இருக்கிறது, கிரேக்கத்தில் ஒன்று நேராகப் பிளப்பது, மற்றது சாய்வாகப் பிளப்பது. நான்கு பாகைதானே என்று தோன்றும். ஆனால் சரியான செங்கோணத்தில் வெட்டிய ஒரு அட்டைத் துண்டை அந்த மூலையில் வைத்துப் பாருங்கள், ஆர்த்தோக்ளேஸில் ஒட்டிக்கொண்டு உட்காரும், பிளாஜியோக்ளேஸில் ஆப்பு மாதிரி ஒரு மெல்லிய வெளிச்சம் தெரியும். கட்டைவிரல் அளவு துண்டிலேயே தெரிகிறது. எண் தேவையில்லை, அந்த வெளிச்சம் போதும்.

பரங்கிமலைக் கல்லிலும் ஒரு கோணக் கதை இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை மேல் இருந்த கல்லைப் பார்த்த ஜியாலஜிஸ்ட் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, அந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பது இந்தப் பாறைதான். அதிலுள்ள கருங்கனிமங்களில் முக்கியமானது ஹைப்பர்ஸ்தீன், பைராக்சீன் குடும்பம். கூடவே சில இடங்களில் ஹார்ன்பிளெண்ட் இருக்கும், அது ஆம்ஃபிபோல் குடும்பம். வெறும் கண்ணுக்கு இரண்டும் கறுப்புப் பொட்டுதான். காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்த சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பிளவுக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். பைராக்சீனில் 87-ம் 93-ம், அதாவது கிட்டத்தட்ட சதுரக் கட்டங்கள். ஆம்ஃபிபோலில் 56-ம் 124-ம், தட்டில் வெட்டிய மைசூர்பாகு துண்டு மாதிரி சாய்சதுரங்கள். கல்லூரி ஆய்வகத்தில் முதல் தடவை மேடையைத் திருப்பித் திருப்பி 124 என்று நானே படித்த நிமிடம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஒரு கனிமத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

ஏமாற்றும் அறுகோணங்களும் உண்டு. ஸ்பெயினில் மோலினா தே அரகோன் பக்கத்திலிருந்து வரும் பழுப்பும் ஊதாவும் கலந்த குட்டையான ஆறுபக்கத் தூண்களைக் கல் சேகரிப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அது அரகோனைட். ஆறு பக்கம் இருக்கிறதே என்று அளந்தால் 120 வராது. சில மூலைகள் 116-க்குப் பக்கம், சில 128-க்குப் பக்கம். காரணம், அது ஒரே படிகம் இல்லை, இரட்டையாகவும் மூன்றாகவும் ஒட்டி வளர்ந்து அறுகோண வேஷம் போடுகிறது. மரகதமும் அக்வாமரினும் சேர்ந்த பெரில் குடும்பத்தில் அப்படி இல்லை, மூலைக்கு மூலை 120.

நம் சேலம், நாமக்கல், கரூர் பக்கத்துக் குருந்தத்தையும் சொல்லாமல் விட முடியாது, தமிழ்ச் சொல்லிலிருந்துதானே ஆங்கிலத்துக்குக் கொரண்டம் போனது. குருந்தம் உடையும்போது சில துண்டுகள் கனசதுரம் மாதிரியே இருக்கும். உப்பு மாதிரி 90 என்று கண் சொல்லும், அட்டையை வைத்தால் 86-ம் 94-ம் என்று வரும். கண்ணை விட அட்டையை நம்ப வேண்டிய இடம் இது.

கோணத்துக்குச் சொல்ல முடியாததும் உண்டு. கல்லுப்பு, கலீனா, ஃப்ளூரைட், பைரைட் என்று கனசதுரமாக வளரும் எல்லாவற்றிலும் 90தான், அங்கே எடையும் கடினமும்தான் பேச வேண்டும். ஃப்ளூரைட்டை மட்டும் உடைத்துப் பார்த்தால் மூலையில் சாய்வாகப் பிளந்து 109 பாகை 28 நிமிடம் காட்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். கால்சைட்டின் 105 பாகை 5 நிமிடம் என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே நடந்தது. படிகவியலை அறிவியலாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஜூஸ்த் அவுயி. அவர் கால்சைட்டுக்குக் கொடுத்த எண் 104 பாகை 28 நிமிடம் 40 விநாடி. படிகத்தின் அளவுகள் எளிய விகிதங்களில் அமைந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை, அந்த எண் அப்படி ஒரு அழகான விகிதத்திலிருந்து வந்தது. லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் 1802-ல் 105 பாகை 5 நிமிடம் என்றார். வித்தியாசம் 36 நிமிடம், அரைப் பாகையை விடக் கொஞ்சம் அதிகம். 1809-ல் வொல்லாஸ்டன் தன் பிரதிபலிப்புக் கோனியோமீட்டரை வெளியிட்டார். முகத்தைத் தொடவே வேண்டாம், அதைக் கண்ணாடியாக ஆக்கிக்கொள்வதுதான் உத்தி. ஒரு முகத்தில் எதிரேயுள்ள ஏதாவது ஒரு கோடு, ஜன்னல் சட்டம் மாதிரி, தெரியும்படி வைத்து, பிறகு அடுத்த முகத்தில் அதே கோடு அதே இடத்தில் தெரியும்வரை கல்லைச் சுழற்றி, எவ்வளவு சுழன்றது என்று படிப்பது. சின்னஞ்சிறு படிகத்திலும் சில நிமிடத் துல்லியம் கிடைத்தது. 1812-ல் அவர் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: கால்சைட் 105 பாகை 5 நிமிடம், டாலமைட் 106 பாகை 15 நிமிடம், சிடரைட் எனும் இரும்புக் கார்பனேட் 107 பாகை. ஒரே வடிவம், ஆளுக்கு ஒரு பாகை வித்தியாசம், மூன்று தனித்தனிக் கனிமங்கள். அவுயி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் அழகான விகிதத்துக்காக அளவை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இருந்த இடத்தில் வொல்லாஸ்டன் பக்கம்தான் நிற்பேன்.

இது எனக்கு வெறும் வரலாறாக இல்லாமல் போனதற்குக் காரணம், போன டிசம்பரில் நண்பர் ஒருவர் கொடுத்த கல். இளம்பழுப்பு, நகக்கண் அளவு, அதே சாய்ந்த பெட்டி வடிவம். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை. அட்டையால் அளந்தேன்: 106, 107, 106, 108, 105. இதை வைத்து மூன்றில் எது என்று சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாற்றுக்குப் பொங்கவில்லை, ஆகவே கால்சைட் இல்லை என்று மட்டும் தோன்றியது.

அப்போதுதான் வொல்லாஸ்டன் முறையை வீட்டிலேயே செய்தால் என்ன என்று இறங்கினேன். முழு வட்டப் பாகைமானி ஒன்றை மரப்பலகையில் நடுவில் ஆணி வைத்துச் சுழலும்படி பொருத்தினேன். அதன் மையத்தில் களிமண் உருண்டை, அதன்மேல் கல், அளக்க வேண்டிய விளிம்பு நேர்மேலாக நிற்கும்படி. இந்த நிறுத்தும் வேலைக்கே முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் விளிம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டாவது முகத்தின் ஒளி சுவரில் மேலேயோ கீழேயோ போய்விழும். இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் லேசர் பாயின்ட்டர். (பிரதிபலிக்கும் ஒளி கண்ணில் படக்கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ரொம்பக் கவனம்.) விளக்கை அணைத்ததும் மூன்று மீட்டர் தள்ளி சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. பென்சிலால் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டு, பாகைமானியைப் படித்து, மெதுவாகச் சுழற்றினேன். புள்ளி நழுவிப் போய் அறையைச் சுற்றியது, பீரோ, காலண்டர், கதவு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இடப்பக்கத்திலிருந்து இன்னொரு புள்ளி எட்டிப்பார்த்து ஊர்ந்து வந்து அதே பெருக்கல் குறியில் உட்கார்ந்தது. 73 பாகை சுழன்றிருந்தது. 180-லிருந்து கழித்தால் 107.

ஒரு தடவை போதாதே. அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, நீங்க 107 வேணும்னு நெனச்சுக்கிட்டே திருப்புறீங்க. நான் திருப்புறேன், நீங்க எண்ணைப் பாக்காதீங்க" என்றாள். அதுதான் சரி. அவள் சுழற்றி அவளே படித்துத் தனித்தாளில் எழுதினாள், நான் என்னுடையதைத் தனியாக எழுதினேன். ஆளுக்கு இருபது. கால்சைட்டாக இருந்தால் 75-க்குப் பக்கம் வந்திருக்க வேண்டும், டாலமைட்டாக இருந்தால் 73 முக்காலுக்குப் பக்கம். என் சராசரி 73.1, அவளுடையது 73.0.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மாக்னசைட்டும் 107 பாகைக்குக் கொஞ்சம் மேலேதான், நம் சேலத்தில் வெட்டுகிறார்களே அந்தக் கனிமம், அங்கே கிடைப்பது பெரும்பாலும் முகமில்லாத வெள்ளைக் கட்டியாக இருக்கும் என்பது வேறு. ஆக எடையைக் கேட்டோம். நகை எடைபோடும் சின்னத் தராசில் கல் 11.8 கிராம். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டபோது 3.1 கிராம் ஏறியது. ஏறியது கல் இடம்பிடித்த அளவு தண்ணீரின் எடை, அதால் கல்லின் எடையை வகுத்தால் 3.8, அதாவது தண்ணீரைப் போல 3.8 மடங்கு கனம். மாக்னசைட் 3, டாலமைட் 2.85, கால்சைட் 2.7. சுத்தமான சிடரைட் 3.9-க்கு மேல், கொஞ்சம் மக்னீசியம் கலந்திருந்தால் இறங்கும். சிடரைட்தான்.

வெயிலில் கோணம் மாறாதா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. மாறும். சூடு ஏறினால் கால்சைட் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரிவதில்லை என்று 1820-களில் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷர்லிஷ் கண்டுபிடித்தார், 0-விலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கினால் அந்த 105 பாகையில் எட்டரை நிமிடம் வித்தியாசம் வருகிறது. திருச்சியின் மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் நடுவில் பார்த்தால் ஒன்றிரண்டு நிமிடம், எங்கள் பாகைமானிக்கு அது தெரியாது.

சிடரைட்டை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, மூடியில் "107, 3.8" என்று எழுதியிருக்கிறோம். பலகையும் லேசரும் இன்னும் மேஜை மேல்தான் இருக்கின்றன. சனிக்கிழமை அவள் வரும்போது கற்கண்டை ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், அட்டையில் வந்த 103 லேசரிலும் வருகிறதா என்று பார்க்க.